ஓட்டமும் கூலியும்: அணியாதல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

நெடுந்தூரம் ஓடுகிறவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அணிகளாகப் பிரித்து, ஒரு பருவம் முழுக்க மோதவிட்டு, அதை டிக்கெட்டாகவும் தொலைக்காட்சியாகவும் விற்று நடத்தும் தொழில்முறை லீக் ஒன்று ஏன் நிலைக்கவே மாட்டேனென்கிறது? கால்பந்துக்கு 1888-லேயே இங்கிலாந்தில் அது கைகூடியது. மண்ணில் ஆடிக்கொண்டிருந்த நம் கபடிக்கு 2014-இல் மெத்தை விரித்து, விளக்குப் போட்டு, ஆளை ஏலம் எடுத்துக் கைகூட்டிவிட்டார்கள். ஓட்டத்துக்கு மட்டும் முடியவில்லை. முடிந்த ஒரே நாடு ஜப்பான். அங்கேயும் அதை யாரும் லீக் என்று அழைப்பதில்லை.

கேட்டால் ஆயத்தமாக ஒரு பதில் கிடைக்கும். ஓட்டம் தனியாள் விளையாட்டு, அதில் அணி எங்கே வந்தது என்பார்கள். இயல்பானது, எப்போதும் இப்படித்தான் என்று சொல்லப்படுகிற எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நம் வழக்கம். இந்த 'இயல்பு'க்கும் ஒரு வரலாறு உண்டு. யாரோ சிலர் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட நலன்களுக்காக அதைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

முதலில், ஓட்டத்தில் அணி கிடையாது என்பதே பொய். இங்கிலாந்தில் 1860-களிலிருந்து கிளப்புகளாகத் திரண்டு வயல், சேறு, வேலி தாண்டி ஓடிய கிராஸ்கன்ட்ரி ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே புள்ளி போடும் முறை எளிமையானது. ஒரு அணியில் ஆறு பேரின் இடங்கள் கணக்கில் வரும். முதலாவது வந்தவருக்கு ஒன்று, நாற்பதாவது வந்தவருக்கு நாற்பது. ஆறையும் கூட்டினால் எந்த அணிக்குக் குறைந்த தொகை வருகிறதோ அது வென்றது. 1903-இல் தொடங்கிய சர்வதேசப் போட்டியிலும் இதே கணக்குத்தான். இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னால் ஓடுகிற நட்சத்திரம் இரண்டாமிடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தால் அணிக்கு ஒரு புள்ளி லாபம். பின்னால், கூட்டத்துக்கு நடுவே மூச்சிரைக்க ஓடும் ஆறாவது ஆள் ஐந்து பேரைத் தாண்டினால் ஐந்து புள்ளி லாபம். பெயர் தெரியாத அந்த ஆறாவது ஆளின் உழைப்புக்கு இவ்வளவு துல்லியமாக மதிப்புப் போட்ட விளையாட்டு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எந்த முதலாளியும் இதில் பணம் போட முன்வந்ததில்லை. விற்பதற்கு முகம் வேண்டும். கூட்டுத்தொகைக்கு முகம் கிடையாது.

இன்னொரு தடை பௌதிகமானது. சாலைக்கு வாசல் கிடையாது. மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஒரு கதவு வைத்து, கதவில் ஆளை நிறுத்திக் காசு வாங்கலாம். இருபது மைல் சாலையில் எங்கே கதவு வைப்பது? நெடுந்தூர ஓட்டத்தைத் தொழிலாக்க முயன்ற எல்லோரும் இந்தக் கதவுப் பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான் இங்கே சொல்லப்போகும் வரலாற்றை இந்தக் கதவின் வரலாறாகவும் வாசிக்கலாம்.

*

முதல் தீர்வு சாலையைக் கொட்டகைக்குள் கொண்டுவருவது. 1870-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆறுநாள் ஓட்டம் என்று ஒன்று பித்துப்பிடித்தாற்போல் பரவியது. கூரைக்கடியில் வட்டப்பாதை போட்டு, நடந்தோ ஓடியோ ஆறு நாளில் யார் அதிக தூரம் கடக்கிறார் என்பது பந்தயம். ஆறு நாள் என்னத்துக்கு? ஏழாவது நாள் ஞாயிறு. கர்த்தருடைய நாளில் பந்தயம் கூடாது. சர் ஜான் ஆஸ்ட்லி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1878-இல் ஒரு பெல்ட் செய்து வைத்து, இதை உலகப் பட்டமாக்கினார். லண்டன் இஸ்லிங்டனில் விவசாயக் கண்காட்சி மண்டபத்தில் நடந்த முதல் போட்டியில் அயர்லாந்திலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த டேனியல் ஓ'லியரி 520 மைல் கடந்து வென்றார். அடுத்த ஆண்டு அதைப் பறித்தவர் சார்லஸ் ரோவெல், படகுக் கிளப் ஒன்றில் எடுபிடியாக இருந்த பையன். 1880 ஏப்ரலில் நியூயார்க்கில் 565 மைல் ஓடியவர் ஹைத்தியில் பிறந்த கறுப்பர், ஃபிராங்க் ஹார்ட். குடியேறி, வேலைக்காரப் பையன், கறுப்பர் என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். உடலைத் தவிர விற்க வேறெதுவும் இல்லாதவர்களுக்கு இந்தக் கொட்டகை ஒரு சந்தையாக இருந்தது. சுருட்டுப் புகைக்குள், தூக்கமில்லாமல், சூதாடிகளின் கூச்சலுக்கு நடுவே ஓடினார்கள். ஆனாலும் ஓடினதற்குக் காசு கைக்கு வந்தது.

அதே காலத்தில்தான் இன்னொரு பக்கம் அமெச்சூர் என்ற சொல் சட்டமாகிக்கொண்டிருந்தது. 1866-இல் லண்டனில் அமைந்த அமெச்சூர் அத்லெடிக் கிளப் யார் அமெச்சூர் என்று வரையறுத்தபோது, பணத்துக்கு ஓடாதவர் என்பதோடு நிறுத்தவில்லை. மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரையும் விலக்கியது. அதாவது ஒருவன் ஒரு பைசா வாங்காமல் ஓடினாலும், அவன் கையால் வேலை செய்து பிழைப்பவனாக இருந்தால் அமெச்சூர் ஆக முடியாது. உடலுழைப்பே தகுதியிழப்பு. 1880-இல் ஆக்ஸ்ஃபோர்டில் புதிய சங்கம் அமைந்தபோது இந்தப் பிரிவு நீக்கப்பட்டது. நீக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் நிம்மதியோடு எழுதுகிறார்கள். போன இடம் எது என்று கேட்பதில்லை. அது பணம் பற்றிய விதிக்குள் போய் ஒளிந்துகொண்டது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஆகும் நாட்களின் கூலியை இழக்க முடிந்தவன் ஓடலாம், இழக்க முடியாதவன் பட்டறைக்குப் போகலாம்.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்தது. பணத்துக்கு ஓடுகிறவனோடு தெரிந்தே ஒரே பந்தயத்தில் ஓடினால், நீ பணம் வாங்காவிட்டாலும் உனக்கும் தகுதி போய்விடும். இதைத் 'தொற்று விதி' என்றே சொன்னார்கள். நாம் இதற்கு வேறொரு சொல்லை வெகுகாலமாக வைத்திருக்கிறோம்: தீட்டு. ஒப்புமையை இழுத்துக்கொண்டே போக விரும்பவில்லை. இங்கிலாந்தின் வர்க்கமும் நம் சாதியும் ஒன்றல்ல. ஆனால் உடலுழைப்பையும் தொடுகையையும் சேர்த்து ஒரு விலக்கைச் செய்யும்போது அதிகாரம் எந்த மொழியில் பேசும் என்பது நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அணி விளையாட்டுகளில் தொழிலாளிகள் இதை உடைத்தார்கள். கால்பந்தில் 1885-இல் பணம் வாங்குவது சட்டபூர்வமாயிற்று. ரக்பியில் வடக்கு இங்கிலாந்தின் சுரங்க, ஆலை ஊர்களின் கிளப்புகள், ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டு என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதும் 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோய்த் தனி அமைப்பே கண்டன. அவர்களுக்குப் பின்னால் ஊர் இருந்தது, சுவர் வைத்த மைதானம் இருந்தது, சனிக்கிழமைதோறும் கதவில் காசு விழுந்தது. ஓட்டக்காரனுக்கு இதில் எதுவும் இல்லை. அவனைத் தனியாகத் தடைசெய்ய முடிந்தது, செய்தார்கள். 1932-இல் பிரான்சின் லாதுமேக், அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முன் ஃபின்லாந்தின் பாவோ நூர்மி, உலகப்போர் முடிந்த கையோடு ஸ்வீடனின் குண்டர் ஹேக், 1956-இல் அமெரிக்காவின் வெஸ் சாண்டி. பட்டியல் நீளும். ஓட்டம் தனியாள் விளையாட்டு என்பது ஒரு விவரணையாகத் தொடங்கவில்லை, ஒரு தண்டனை முறையின் விளைவாகத்தான் உருவாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் ஒவ்வொருவனும் தனித்தனியாகத்தான் ஓடுவான்.

*

கதவுப் பிரச்சினைக்கு இரண்டாவது தீர்வு சி.சி. பைல் என்ற அமெரிக்கருடையது. விளையாட்டு வீரர்களுக்குத் தரகராக இருந்து காசு பார்த்தவர். சாலைக்குக் கதவு வைக்க முடியாவிட்டால் சாலையோர ஊர்களுக்கே ஓட்டத்தை விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார். 1928 மார்ச் 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் 199 பேர் கிளம்பினார்கள், நியூயார்க்கை நோக்கி. ஏறக்குறைய 3,400 மைல். நாளுக்கு ஓர் ஊர். ஓட்டக்காரர்கள் வந்து தங்குவதற்கு அந்தந்த ஊர் பைலுக்குப் பணம் கட்ட வேண்டும். கூடவே ஒரு பொருட்காட்சிக் கூட்டமும் ஊர்ஊராகக் கொட்டகை போட்டுக்கொண்டு போயிற்று. பைல் சொகுசு பஸ்ஸில் போனார். ஓடினவர்கள் கூடாரத்தில் படுத்து, போட்டதைத் தின்று, காலில் கொப்புளத்தோடு மறுநாள் காலை எழுந்தார்கள். பல ஊர்கள் காசு தர மறுத்துவிட்டன. டெக்சாஸில் கறுப்பு ஓட்டக்காரர்களுக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. 84 நாள் ஓட்டத்தின் முடிவில், மே 26 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 55 பேர். வென்றவர் ஆண்டி பெய்ன், ஓக்லஹோமாவைச் சேர்ந்த செரோக்கி இனத்து விவசாயிவீட்டுப் பையன். 25,000 டாலர் கைக்கு வந்தது. வீட்டு நிலத்தின் அடமானத்தை மீட்டான்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் பைல் அடுத்த ஆண்டும் நடத்தினார், இம்முறை நியூயார்க்கிலிருந்து திரும்ப மேற்கே. 1929 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் முடிந்தபோது முதலாவது வந்தவர் ஜானி சாலோ, நியூஜெர்சி மாநிலம் பசாயிக் ஊர்க்காரர். முந்தைய ஆண்டு இரண்டாமிடம் வந்ததற்காக அந்த ஊர் அவரைப் போலீஸ்காரராகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் கவுஸிக்கும் இடையே மொத்தம் 525 மணி நேரத்துக்கு மேலான ஓட்டத்தில் வித்தியாசம் 2 நிமிடம் 47 விநாடிதான். இப்படியொரு பந்தயத்தை யாரும் அதற்கு முன் கண்டதில்லை. பரிசுப் பணம் வரவில்லை. பைலிடம் இல்லை. சாலோ ஊருக்குத் திரும்பிப் போலீஸ் வேலையைப் பார்த்தார். 1931-இல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் நின்றபோது பந்து தலையில் அடித்து இறந்துபோனார். அமெச்சூர் கனவான்கள் ஓட்டக்காரனைப் பட்டினி போட்டார்கள், தரகன் ஏமாற்றினான், கடைசியில் மாதச் சம்பளம் தந்தது ஒரு நகராட்சி. நம் ஊரில் ஓடுகிற பிள்ளைகள் ரயில்வேயையும் ராணுவத்தையும் போலீஸையும் குறிவைத்து ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கும் இதுதான் விளக்கம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவைக் கேலி செய்கிறவர்கள் சாலோவை நினைத்துப் பார்க்கலாம்.

பைல் பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், ஒலிம்பிக் வீரர் மைக்கேல் ஜான்சன் தொடங்கிய கிராண்ட் ஸ்லாம் டிராக் என்ற லீக் ஓடுகளத்தையே மாற்றப்போவதாக அறிவித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 1,00,000 டாலர். நான்கு ஊர்களில் நடக்க வேண்டியது மூன்றோடு நின்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியை ரத்து செய்தார்கள். வாக்களித்த முதலீடு வரவில்லை என்றார்கள். ஓடி ஜெயித்தவர்களின் பணம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் ஊர் அதே லாஸ் ஏஞ்சல்ஸ், பாக்கியும் அதே பாக்கி. இதில் அணி என்பதே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லீக் என்ற பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

நடுவில் 1973 முதல் 1976 வரை மைக்கேல் ஓ'ஹாரா என்பவர் அமெரிக்காவில் நடத்திய தொழில்முறைத் தடகளச் சுற்றை அதிகம் பேசத் தேவையில்லை. கெய்னோ, ஜிம் ரையன் போன்ற பெரிய பெயர்களை வாங்கினார். புதிய பெயர்கள் வராததால் மான்ட்ரியல் ஒலிம்பிக் முடிந்ததும் மூடினார். அவர் கொட்டகைப் பாதையோரம் வைத்த விளக்குவரிசை மட்டும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலக சாதனை வேகத்தில் விளக்குகள் அடுத்தடுத்து எரிந்து ஓடும். மனிதன் அதைத் துரத்துவான். எதிரணி இல்லாத இடத்தில் எதிரணியாகக் கடிகாரத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆலைக் கடிகாரம் தொழிலாளியின் உடலுக்குள் எப்படிப் புகுந்தது என்று ஈ.பி. தாம்சன் எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

ஓட்டக்காரர்கள் தாங்களே கூடி ஒன்றைச் செய்தது ஒரு முறைதான், 1981-இல். சாலை ஓட்டங்கள் அமெரிக்காவில் பெருகி, ஷூ கம்பெனிகள் கொழுத்து, முன்னணி ஓட்டக்காரர்களுக்கு மேசைக்கு அடியில் கவர் கைமாறிக்கொண்டிருந்த காலம். டான் கார்டாங் முதலானோர் சாலை ஓட்டக்காரர்களின் சங்கம் ஒன்றை அமைத்து, ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் 50,000 டாலர் பரிசை மேசைக்கு மேலேயே வைத்து ஓடினார்கள். ஆண்களில் கிரெக் மேயர், பெண்களில் நியூசிலாந்தின் ஆன் ஆடைன். தலா 10,000 டாலர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை என்பதைக் கவனியுங்கள். உடனே தொற்று விதி வெளியே எடுக்கப்பட்டது. சிலர்மேல் தடை விழுந்தது, ஆடைன் மேலும். ஆனால் இந்த முறை தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க முடியவில்லை, ஏனெனில் சேர்ந்து ஓடியிருந்தார்கள். அடுத்த ஆண்டே சர்வதேசச் சம்மேளனம் இறங்கிவந்து, பரிசுப் பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் போட்டு வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆடைன் 1982 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். சம்மேளனத்தின் பெயரிலிருந்து அமெச்சூர் என்ற சொல் 2001-இல்தான் போயிற்று.

வெற்றிதான். ஆனால் பந்தயத்துக்குப் பின்னால் ஷூ கம்பெனியின் பணம் இருந்தது என்பதையும், வெற்றிக்குப் பிறகு கூட்டம் கலைந்து ஆளாளுக்கு ஒரு கம்பெனியோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறகு வந்த 'டீம்'கள் எல்லாம் ஒரே பயிற்சியாளரிடம், ஒரே முத்திரையோடு பயிற்சி எடுக்கிற குழுக்கள். போட்டியில் ஒருவருடைய இடம் இன்னொருவருடைய இடத்தோடு கூட்டப்படுவதில்லை. ஆறாவது ஆளுக்கு அங்கே இடமே இல்லை.

*

இப்போது ஜப்பான். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டுதலாக இருந்ததே அதுதான்.

எகிடென் என்ற சொல்லில் 'எகி' என்பது பழைய பெருவழிகளில் குதிரை மாற்றும் தங்கல், 'டென்' என்றால் கைமாற்றுதல். தமிழில் நாம் தொடர் ஓட்டம் என்று பெயர்த்துக்கொண்டதை ஈழத்துப் பள்ளிக்கூடங்களில் அஞ்சல் ஓட்டம் என்பார்கள். எகிடெனுக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. திருவாங்கூர் சமஸ்தானத்தில் மணி கட்டிய கோலோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அஞ்சலோட்டக்காரன் ஒரு தங்கலிலிருந்து அடுத்த தங்கலுக்குத்தான் ஓடினான். அந்த அஞ்சல் துறை 1951-இல் இந்தியத் தபாலோடு இணைந்தது. இரண்டு மொழியிலும் அரசின் ஓலையைச் சுமந்த கூலிக்காரனின் கால்தடம் விளையாட்டின் பெயரில் தங்கிவிட்டிருக்கிறது.

1917 ஏப்ரலில் கியோத்தோவின் சன்ஜோ பாலத்திலிருந்து டோக்கியோவின் உயேனோ வரை, 500 கிலோமீட்டருக்கு மேல், 23 கட்டங்களாக, இரவும் பகலும் மூன்று நாள் நடந்தது முதல் எகிடென். தலைநகர் டோக்கியோவுக்கு மாறிய ஐம்பதாம் ஆண்டு விழா. கிழக்குக்கும் மேற்குக்கும் ஒவ்வோர் அணி. நடத்தியது யோமியுரி பத்திரிகை. முன்னின்று செய்தவர்களில் ஒருவர் அங்கே வேலை பார்த்த கவிஞர் தோகி ஸென்மரோ. கதவுப் பிரச்சினைக்கு மூன்றாவது தீர்வு இங்கே கிடைத்துவிட்டது. சாலையில் காசு வாங்க வேண்டாம். சாலையில் நடந்ததை அச்சிட்டு மறுநாள் காலையில் விற்கலாம். (பாரிஸில் ஒரு பத்திரிகை 1903-லேயே சைக்கிள் பந்தயத்தை வைத்து இதைக் கண்டுபிடித்திருந்தது.) 1920-இல் நான்கு கல்லூரி அணிகளோடு ஹகோனே எகிடென் தொடங்கியது. 1987-இலிருந்து அது தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பாகி, புத்தாண்டு விடுமுறையில் நாடே உட்கார்ந்து பார்க்கும் சடங்காயிற்று.

கைமாறுவது குச்சி கிடையாது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே அணியும் ஒரு துணிப்பட்டை, தசுகி. முன்னால் ஓடினவனின் வியர்வையோடு அது அடுத்தவன் தோளுக்குப் போகும். கிராஸ்கன்ட்ரி கணக்கில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், கடைசியில் கூட்டல் நடக்கிறது. எகிடெனில் ஒவ்வொருவனும் ஒரு தொடர்ச்சியின் கண்ணி. அவன் நின்றால் அவனுக்கு முன் ஓடினவர்களின் ஓட்டமும் இல்லாமலாகிவிடும். முதலிடத்துக்கும் ஒரு அணிக்கும் இடையே குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், அடுத்த ஆளைக் காத்திருக்கவிடாமல் மாற்றுப்பட்டை ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். சில விநாடி தாமதமாக வந்து, கொடுக்க ஆளில்லாமல், பட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கும் பையனின் முகத்தைக் காமிரா நெருங்கிப் பார்க்கும். அதிகாரம் கட்டளையாக வெளியிலிருந்து வருவதில்லை, பணிந்த உடலை உள்ளிருந்தே உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னதை ஒரு முழத் துணியில் பார்க்கலாம்.

இந்த வடிவத்தைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. கம்பெனி அணிகளின் தேசிய எகிடென் 1957-இல் தொடங்கி, 1988 முதல் குன்மா மாகாணத்தில் ஜனவரி முதல் நாளில் நடக்கிறது. ஏழு கட்டம், 100 கிலோமீட்டர். ஹோண்டா, டொயோட்டா, ஃபுஜிட்சு, அசாஹி காசெய். ஓடுகிறவர் கம்பெனி ஊழியர். சம்பளம், விடுதி, பயிற்சியாளர், ஓடி முடித்தபின் பெரும்பாலும் ஒரு மேசை. 1964-இல் தங்கம் வென்ற ஜப்பானியப் பெண்கள் வாலிபால் அணியும் நூற்பாலைக் கம்பெனியொன்றின் தொழிலாளிகளைக் கொண்டு எழுந்ததுதான். மாரத்தான் மேதை செக்கோ ஓடியது ஒரு மசாலா, கறித்தூள் கம்பெனிக்காக. லீக்குக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கிறது: அணி, அட்டவணை, ரசிகர், மாதச் சம்பளம். விற்கப்படுவது மட்டும் டிக்கெட் இல்லை. ஓட்டத்தின் வழியாக விற்கப்படுவது கம்பெனி என்ற குடும்பம் பற்றிய பிம்பம். இந்தப் போட்டியில் மிக அதிக முறை வென்ற அசாஹி காசெய், நொகுச்சி என்ற முதலாளி கட்டிய நிறுவனக் குழுமத்தில் பிறந்தது. அதே குழுமத்தின் இன்னொரு வாரிசுதான் மினமாட்டா கடலில் பாதரசத்தைக் கொட்டிய சிசோ. ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள். ஒன்றை நாம் ஓடும்போது பார்க்கிறோம்.

குடும்பம் என்றால் கைவிடவும் செய்யும். பொருளாதாரக் குமிழி உடைந்தபின் ஜப்பானில் பல அணிகள் கலைந்தன. 2009-இல் நிசான் தன் தடகள அணியை நிறுத்தியது. செக்கோவின் கறித்தூள் கம்பெனி 2013-இல் கைகழுவ, ஒரு இணைய விளையாட்டு நிறுவனம் அணியை எடுத்துக்கொண்டது. வெற்றி தோல்விக்கும் இதற்கும் தொடர்பில்லை. வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி அடிக்கப்படுகிறது.

இத்தனைக்குப் பிறகும் நான் ஜப்பானிய முறையைத் தூக்கியெறிய மாட்டேன். பைலிடமும் கிராண்ட் ஸ்லாமிடமும் ஏமாந்தவர்களோடு ஒப்பிட்டால், மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற ஓட்டக்காரன் பெரிய முன்னேற்றம். ஐந்தாவது, ஆறாவது ஆளுக்கும் அங்கே சம்பளம் உண்டு. அதனால்தான் ஒலிம்பிக் தரத்துக்குச் சற்றுக் கீழே ஓடக்கூடியவர்கள் அந்த நாட்டில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். சம்பளத்துக்குப் பதிலாக அவன் கொடுப்பது என்ன என்பதுதான் கேள்வி.

சுபுராயா கோகிச்சி என்ற பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. தற்காப்புப் படை வீரர். 1964 டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டாவதாக அரங்கத்துக்குள் வந்தார். தன் நாட்டு ஜனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சுற்றில் இங்கிலாந்தின் ஹீட்லி தாண்டிப் போக, வெண்கலம். அடுத்த ஒலிம்பிக்குக்காக அவர் வாழ்க்கை முழுதையும் மேலதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். பேசி வைத்த கல்யாணமும் ஒத்திப்போடப்பட்டு நின்றுபோயிற்று. உடம்பு கெட்டது. 1968 ஜனவரியில், 27 வயதில், தன்னைத் தானே மாய்த்துக்கொண்டார். விட்டுப்போன கடிதத்தில், புத்தாண்டுக்கு வீட்டில் ஒவ்வொருவரும் தந்த பண்டத்தைத் தனித்தனியே பெயர் சொல்லி, ருசியாக இருந்தது என்று நன்றி சொல்லியிருந்தார். களைத்துப்போய்விட்டதாகவும் இனி ஓட முடியாதென்றும் பெற்றோருக்கு எழுதியிருந்தார். இதைப் பெரிய எழுத்தாளர்கள் இலக்கியமாகக் கொண்டாடியிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு ராஜினாமாக் கடிதமாகப் படுகிறது. கொடுப்பதற்கு வேறு இடம் இல்லாததால் அப்படிக் கொடுத்திருக்கிறார்.

ஐம்பது ஆண்டுக்குப் பின், 2018 அக்டோபரில், ஃபுகுவோகாவில் கம்பெனிப் பெண்கள் அணிகளின் தகுதிச்சுற்று எகிடெனில் 19 வயதுப் பெண் ஒருத்தி தன் கட்டத்தின் முடிவில் விழுந்தாள். கால் எலும்பு முறிந்திருந்தது. எழ முடியவில்லை. பட்டையைத் தோளில் போட்டபடி கையையும் முழங்காலையும் ஊன்றித் தார்ச்சாலையில் இருநூறு மீட்டருக்கு மேல் தவழ்ந்தாள். முழங்காலில் ரத்தம். அதிகாரி பக்கத்திலேயே நடந்து வந்தார். பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லியனுப்பிய செய்தி உரிய நேரத்தில் போய்ச்சேரவில்லை. அடுத்தவள் அழுதுகொண்டே காத்திருந்தாள். பட்டை கைமாறியது. ஜப்பானில் அன்று பெரிய விவாதமே நடந்தது. நெகிழ்ந்தவர்கள் பாதி, கொதித்தவர்கள் பாதி. அந்தப் பெண்ணின் மன உறுதியை நான் கேள்வி கேட்கவில்லை. ஆலையில் ஒருத்தி எலும்பு முறிந்து கிடந்தால் எந்திரத்தை நிறுத்துவதற்கு ஒரு கைப்பிடி இருக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் போராடி வாங்கியிருக்கின்றன. சாலையில் அந்தக் கைப்பிடி யாரிடம் இருந்தது? லீக் வேண்டும், சம்பளம் வேண்டும், அணி வேண்டும் என்று கேட்கிற ஓட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது நிற்கும் உரிமையைத்தான்.

அணி என்றால் யார் என்ற கேள்வியும் மீந்திருக்கிறது. 1983-இல் கென்யாவிலிருந்து ஜப்பானுக்குப் போன டக்ளஸ் வாகிஹுரி, கறித்தூள் கம்பெனிப் பயிற்சியில் வளர்ந்து 1987-இல் உலக மாரத்தான் பட்டம் வென்றார். 1989 ஹகோனேயில் யமனாஷி ககுயின் பல்கலைக்கழகத்துக்காகக் கென்ய மாணவர் ஓடினார். பள்ளிப் பையனாக செண்டாய்க்குப் போன சாமுவேல் வாஞ்சிரு, டொயோட்டா கியூஷு அணியில் இருந்து, 2008 பெய்ஜிங்கில் 2 மணி 6 நிமிடம் 32 விநாடியில் ஒலிம்பிக் மாரத்தானை வென்றார். ஆப்பிரிக்க ஓட்டக்காரனுக்கு உலகத்திலேயே மாதச் சம்பளம் கிடைக்கிற அரிதான இடங்களில் ஜப்பான் ஒன்று. கென்ய ஓட்டக்காரன் நீண்ட கட்டத்தில் ஓடி ஆட்டத்தைத் தீர்த்துவிடுகிறான் என்ற முணுமுணுப்பு நெடுநாள் இருந்தது. அணிக்கு ஒரு வெளிநாட்டவர்தான் ஓடலாம் என்று விதி. 2009 முதல் கம்பெனிகளின் புத்தாண்டு எகிடெனில் அவர் ஓடக்கூடிய கட்டத்தையும் ஒன்றாக்கினார்கள். ஏழு கட்டங்களில் மிகக் குறுகியது அது, எட்டு கிலோமீட்டர் சொச்சம். 2024-இல் பாதையைத் திருத்தியபோது வெளிநாட்டவருக்கான கட்டம் வேறு இடத்துக்கு மாறியது. எட்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைந்தது. அவருக்கும் அதே பட்டைதான், அதே வியர்வைதான். அரைமணி நேரத்துக்குள் அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.